தம்பிக்கு ஒரு பழைய ரம்ப மிஷின்

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில், பழைய தையல் மிஷின் வாங்கலாமா, கை மாறி வந்த குளிர்சாதனப் பெட்டி உழைக்குமா, பாத்திரக் கடைக்காரர் சொல்லும் எடை சரிதானா என்று கேட்பவைதான் அதிகம். சென்ற வாரம் மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதம் கொஞ்சம் வேறு தினுசு. அவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான்:

"என் பிறந்த வீடு பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலமான பிறகு மூன்று ஏக்கர் நிலம் கேட்பாரற்றுக் கிடந்து, முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. பட்டணத்து உத்தியோகம் பிடிக்காமல் ஊருக்குத் திரும்பிய தம்பி, மரங்களை வெட்டி விறகாக விற்றுவிட்டு, நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்கப் போகிறேன் என்கிறான். மரம் அறுக்கும் மிஷின் ஒன்று பழைய விலைக்கு வருகிறதாம். 'பாதிப் பணம் நீ கொடு, அக்கா' என்று கேட்கிறான். 'பழைய மிஷினாவது, மரம் அறுப்பதாவது!' என்கிறார் என் வீட்டுக்காரர். ரம்பத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தம்பியின் கையைப் பற்றித்தான் கவலை. பணம் கொடுக்கலாமா, கூடாதா?"

நல்ல கேள்வி. கொடுக்கலாம், கூடாது என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிற கேள்வி அல்ல. ஆகையால், இந்த மாதிரி மிஷின்களைப் பழுது பார்த்தே தலை நரைத்துவிட்ட ஒரு பெரியவரின் பட்டறையில் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதையும், நான் படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். தோப்பும் துரவும் உள்ள பிறந்த வீட்டுக்காரிகள் எல்லாருமே படித்து வைக்கலாம். இன்று இல்லாவிட்டாலும், ஒரு புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் தேவைப்படும். 2018 நவம்பரில் 'கஜா' அடித்தபோது, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் விழுந்து கிடந்த மரங்களைத் துண்டு போட இந்த மிஷின்கள் எப்படி அலறின என்பது அந்தப் பக்கத்தாருக்கு நினைவிருக்கும்.

பிரசவ அறையில் பிறந்த ரம்பம்

முதலில் ஒரு வேடிக்கையான சமாசாரம். பல் வைத்த சங்கிலியால் அறுக்கலாம் என்ற யோசனை காட்டில் பிறக்கவில்லை; வைத்தியர்களிடம் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரண்டு வைத்தியர்கள், கையால் இழுத்து அறுக்கும் சிறு சங்கிலி ரம்பத்தை உபயோகித்தார்கள். குழந்தை வெளிவர முடியாத கஷ்டமான பிரசவங்களில், தாயின் இடுப்பு மூட்டை விலக்குவது அதன் வேலைகளில் ஒன்று. மயக்க மருந்து இல்லாத காலம் அது. நம்முடைய பாட்டிகள் பட்ட பாட்டைப் பெரிது என்று நினைத்திருந்தோம்!

காட்டுக்கு அது வந்து சேரச் சுமார் நூற்றைம்பது வருஷம் ஆயிற்று. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்ற என்ஜினீயர் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். மறு வருஷமே அங்கே பெட்ரோலில் ஓடுவதும் வந்துவிட்டது. இரண்டு ஆள் பிடித்துக் கொண்டுதான் அறுக்க வேண்டும், அவ்வளவு கனம். பல்லின் கதை இன்னும் ருசியானது. அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுகிறவர், 1946-இல் ஒரு மரக்கட்டையைக் குடைந்து கொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் இரண்டு தாடைகளும் வளைந்து, வலமும் இடமுமாகச் சீவித் தள்ளிக் கொண்டே போயின. அதைப் பார்த்துத்தான், வலம் ஒரு பல், இடம் ஒரு பல் என்று வளைந்த பற்களை வைத்துப் புதிய சங்கிலியைச் செய்தார். இன்று பரமக்குடியில் ஓடுகிற மிஷினிலும் இருப்பது அந்தப் புழுவின் பல்தான்.

எதை அறுக்கப் போகிறார்?

பட்டறைப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னதும், "மிஷின் இருக்கட்டும், ஸார். அந்தத் தம்பி எதை வெட்டப் போறாரு? அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.

சீமைக் கருவேலம் என்றேன். சிரித்தார்.

வேலிக்காத்தான் என்றும் சொல்கிற இந்த மரம் நம் நாட்டுச் சரக்கு அல்ல. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்தைச் சேர்ந்தது. 1877 வாக்கில் இந்தியாவுக்குள் வந்தது. மழை இல்லாத பூமியில் விறகுக்கு ஆகும் என்று வளர்த்தார்கள். ஆயிற்று, கூடவே பூமியையும் பிடித்துக் கொண்டது. இதன் குணம் ஒன்று உண்டு. தரைக்கு மேலே வெட்டினால் சாகாது. வெட்டின இடத்தைச் சுற்றி நாலு கிளைக்குப் பத்துக் கிளையாகத் துளிர்த்துக் கொண்டு வரும்.

ஆகவே, தம்பியைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "உனக்கு நிலம் வேண்டுமா, விறகு வேண்டுமா?"

நிலம்தான் வேண்டும் என்றால், ரம்பம் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதி, வேரோடு தோண்டி எடுப்பது. அதற்குக் கடப்பாறையும் ஆளும் வேண்டும். அல்லது மண் தோண்டும் ஜேசிபி வேண்டும். மூன்று ஏக்கரை ஒரே தடவை சுத்தம் செய்துவிட்டால் அப்புறம் மிஷினுக்கு அதிக வேலை இராது. அதற்காகச் சொந்தமாக ஒன்றை வாங்கிப் பரணில் போடுவதைக் காட்டிலும், மிஷினோடு வரும் ஆளுக்கு நாள் கூலி கொடுப்பது லாபம்.

விறகுதான் வேண்டும், கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு வருஷா வருஷம் விற்கப் போகிறேன் என்றால், அந்தத் துளிர்க்கிற குணமே வரவு. ஒரு பக்கம் வெட்டிக் கொண்டு வருவதற்குள் மறு பக்கம் தழைத்திருக்கும். அப்போது சொந்த மிஷின் வைத்துக் கொள்வதில் அர்த்தம் உண்டு. இந்த இரண்டில் எது என்று தம்பி தீர்மானிக்காத வரையில், நீங்கள் பணப் பையைத் திறக்க வேண்டாம்.

பெரிசு பார்த்து மயங்க வேண்டாம்

பழைய சாமான் விற்கிறவர்கள் பெரிய மிஷினைத்தான் தள்ளிவிடப் பார்ப்பார்கள். "ஒரே விலைதான், இதையே எடுத்துக்குங்க" என்பார்கள். கருவேலம் ஒரே தூரில் பல கிளையாகப் பிரியும் மரம். பெரும்பாலும் அடிமரமே தொடை கனத்துக்கு மேல் இராது. அதற்கு 14 அல்லது 16 அங்குல நீளமுள்ள பார் போதும். பார் என்பது சங்கிலி சுற்றி ஓடுகிற நீண்ட தகடு. என்ஜின் 35-லிருந்து 45 'சி.சி.' வரை இருந்தால் தாராளம். சின்ன என்ஜினில் நீளமான பாரை மாட்டி விற்பதும் உண்டு. கோழிக்குஞ்சின் கழுத்தில் மாட்டு மணி கட்டினது போலத்தான் அது. இழுக்க மாட்டாமல் சூடேறிச் சீக்கிரம் கெட்டுவிடும்.

இன்னொன்று, காலையிலிருந்து மாலை வரை தூக்கிப் பிடிக்க வேண்டிய சாமான் இது. கூடுதலாக ஒரு கிலோ இருந்தால், கடையில் ஒன்றும் தெரியாது. நாலு மணி நேரம் கழித்துக் கை நடுங்கும்போதுதான் தெரியும். கை நடுங்கும் நேரத்தில்தான் விபத்தும் வருகிறது.

விற்பவர் யார் என்பதையும் பாருங்கள். தோப்புக்காரர் ஒருவர் வருஷத்துக்குப் பத்து நாள் ஓட்டிவிட்டு விற்கிற மிஷின் ஒரு ரகம். காண்டிராக்டர் தினமும் எட்டு மணி நேரம் ஓட்டிக் கழித்துவிட்டது வேறு ரகம். மேலே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இரண்டாவது ரகம் என்று சந்தேகப்படுங்கள். பேர் பெற்ற கம்பெனிகளின் நிறத்தையும் பெயரையும் அப்படியே காப்பியடித்துச் செய்த மிஷின்களும் சந்தையில் உலாவுகின்றன. பக்கத்து டவுன் கடையில் அதற்கு உதிரி பாகம் கிடைக்குமா என்று தம்பி முன்னதாகவே விசாரித்துவிட வேண்டும். பாகம் கிடைக்காத மிஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் கிராக்கிதான். பழைய ரசீது கேளுங்கள். மிஷினில் அடித்திருக்கும் நம்பரும் ரசீதில் உள்ள நம்பரும் ஒத்துப் போக வேண்டும். நம்பரைச் சுரண்டியிருந்தால், பேசாமல் திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

பல்லைப் பிடித்துப் பார்க்கும் வித்தை

நம் ஊர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், முதுகைத் தட்டிப் பார்ப்பார்கள். இந்த மிஷினுக்கும் அதே மூன்று சோதனைதான். பெரியவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

"விக்கிறவர் பேச்சைக் கேக்காதீங்க, ஸார். மிஷினே பேசும்" என்று ஆரம்பித்தார்.

போவதற்கு முன்பே, "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லி வைக்க வேண்டும். போனதும் சைலன்சர் பக்கத்தில் புறங்கையைக் கொண்டு போனால், சூடு தெரிகிறதா இல்லையா என்று புரிந்துவிடும். சூடாக இருந்தால், காலையில் அரை மணி போராடி உயிர் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வெந்த சாதத்தை வைத்து அரிசியின் பதத்தைச் சொல்ல முடியுமா? ஆறிய மிஷினைத்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்தது, சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்ப்பது. நடுவில் ஓர் இடத்தில் கெட்டியாக எதிர்த்துப் பிடித்து, அப்புறம் விட வேண்டும். ஒரு பிடிப்பும் இல்லாமல் துணி உலர்த்தும் கொடிக்கயிறு மாதிரி வழுக்கிக் கொண்டு வந்தால், உள்ளே பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்துவிட்டன. ஒரு விஷயம்: சில பெரிய மிஷின்களில் இழுப்பதைச் சுலபமாக்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தாமல் இழுக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நம்பகமானது மூன்றாவது சோதனை. சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றினால் ஒரு துவாரம் தெரியும். அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். வழவழப்பாக இருந்தால் சரி. மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டின மாதிரி கோடுகள் இருந்தால், அந்த மிஷின் ஒரு தடவை எண்ணெய் இல்லாமல் ஓடித் திக்கி நின்றிருக்கிறது. "கழட்டவெல்லாம் விடமாட்டேன்" என்று விற்பவர் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்.

பிறகு பல். எதையும் தொடுவதற்கு முன் பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும்; தடித்த கையுறையும் போட்டுக் கொள்ள வேண்டும். சங்கிலியின் ஒவ்வொரு பல்லும் அரம் போடப் போடக் குட்டையாகும். பல பற்களின் மேல், இதுவரைதான் தேய்க்கலாம் என்று கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை எட்டிவிட்டால் சங்கிலி முடிந்தது. பாரின் இரண்டு ஓரமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் மரத்தை நேராக அறுக்காமல் வளைந்து வளைந்து போகும். சங்கிலியை இழுக்கும் பல் சக்கரத்தில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் எப்படியும் தேய்ந்து மாற்றப்பட வேண்டிய சாமான்களே. தேய்ந்திருந்தால் அதற்காக மிஷினை ஒதுக்க வேண்டாம். புதிதாகப் போட என்ன ஆகும் என்று கடையில் விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேட்கலாம். கீரைக்காரியிடம் பேரம் பேசத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

ஓட விட்டுப் பார்த்தால்

ஆறிய மிஷின், சோக்கை இழுத்து நாலைந்து இழுப்புக்குள் எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும் அவசரப்படாமல் சும்மா ஓட விட வேண்டும். அப்படி ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். வேகம் கொடுக்காமலே சங்கிலி நகர்ந்து கொண்டிருந்தால், கிளட்சிலோ திருகு அமைப்பிலோ கோளாறு. கீழே வைக்கும்போது காலைப் பதம் பார்க்கும் கோளாறு இதுதான்.

அடுத்தபடி, பாரின் நுனியைப் பழைய செய்தித்தாளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், காகிதத்தில் படாமல் பிடித்து வேகம் கொடுக்க வேண்டும். காகிதத்தில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால், சங்கிலிக்கு எண்ணெய் போகவில்லை. எண்ணெய் ஊற்றாத தோசைக்கல்லில் தோசை என்ன ஆகுமோ, அதுதான் சங்கிலிக்கும் ஆகும்.

கடைசியாக ஒரு காய்ந்த கட்டையை அறுக்கச் சொல்லி, விழுகிற தூளைப் பாருங்கள். அவல் மாதிரி சிவல் சிவலாக விழுந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. அரிசி மாவு மாதிரி பொடியாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது. மழுங்கின அரிவாள்மணையில்தான் விரல் நறுக்குப்படும் என்பது நமக்குத் தெரியும். அழுத்தி அழுத்தி அறுக்க வேண்டி வருவதால் ரம்பத்துக்கும் அதே கதிதான். கருவேலம் கெட்டி மரம். அடியில் மண்ணும் அப்பியிருக்கும். மண் பட்டால் ஒரு நிமிஷத்தில் பல் மழுங்கிவிடும். ஆகவே, உருண்டை அரம் ஒன்றையும் வாங்கி, அதைப் பிடிக்கும் கோணத்தையும் தம்பி கற்றுக் கொண்டே ஆக வேண்டும்.

இது இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்

இதுவரை சொன்ன கோளாறுகள் எல்லாம் பணத்தோடு போகிறவை. இனிச் சொல்லப் போவது ஆளோடு போவது.

முன் கைப்பிடிக்கு எதிரே, கை விரித்தாற்போல ஒரு தடுப்பு நிற்கும். அது வெறும் தடுப்பு அல்ல. செயின் பிரேக்கும் அதுதான். அதன் வேலை என்ன?

பாரின் நுனியில், மேல் கால் பாகம் ஏதாவது கட்டையிலோ கிளையிலோ பட்டுவிட்டால், அறுப்பதற்குப் பதிலாக மிஷின் உதைக்கும். சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம் முழுவதும், மிஷினை மேலே, பின்னே, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் தூக்கி எறிகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும் காரியம். 'நான் ஜாக்கிரதையாக இருப்பேன்' என்று சொல்வதில் பலன் இல்லை. அந்த நேரத்துக்குள் மனிதன் ஜாக்கிரதைப்பட முடியாது. மிஷின் உதைக்கும்போது அந்தத் தடுப்பு முன்னே சாய்ந்து, சங்கிலியைச் சட்டென்று பிடித்து நிறுத்தும். 1970-களின் தொடக்கத்தில்தான் பெரிய கம்பெனிகள் இதை வைக்க ஆரம்பித்தன. அதற்கு முன்பு ஓட்டியவர்கள் கொடுத்த விலை, அவர்களுடைய முகத்திலும் கழுத்திலும் எழுதியிருந்தது.

ஆகையால் சோதனை இது: மிஷினைத் தரையில் அழுத்திப் பிடித்து, ஓட விட்டு, அந்தத் தடுப்பை முன்னே தள்ள வேண்டும். சங்கிலி அக்கணமே நிற்க வேண்டும். தயங்கித் தயங்கி நின்றால் பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது. மாற்றிய பிறகுதான் பேச்சு.

பல பழைய மிஷின்களில் இதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள் என்று பெரியவர் வருத்தப்பட்டார். "கைக்குத் தொந்தரவா இருக்குதுன்னு சொல்லுவாங்க, ஸார். அஞ்சு நிமிஷம் மிச்சம் பண்றதுக்காகக் கழட்டிடறாங்க. அப்படி வந்த மிஷினை நான் ரிப்பேருக்கே எடுக்கறதில்லை. மாட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிடுவேன்."

இதோடு இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும். வேகம் கொடுக்கும் விசைக்கு மேலே இருக்கும் பூட்டு விசை, இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் வேகம் ஏற வேண்டும். சிலர் மேல் விசையைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். சங்கிலி அறுந்தால் கையில் அடிக்காமல் பிடிக்கும் கொக்கி ஒன்று அடியில் இருக்க வேண்டும். அணைக்கும் சுவிட்ச், அழுத்திய உடனே அணைக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும், இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்க வேண்டாம்.

பெட்ரோலும் எண்ணெயும்

இந்த மிஷின்களில் பெரும்பாலானவை, பழைய ஸ்கூட்டர் போல எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுபவை. டூ-டி ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். கம்பெனி ஐம்பதுக்கு ஒன்று என்று சொல்லியிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. மருந்துக் கடையில் தருகிற அளவு மூடியாலேயே அளந்து ஊற்றலாம், கண்ணளவு கூடாது. எண்ணெய் கலக்காத பெட்ரோலைத் தவறி ஊற்றிவிட்டால், சற்று முன்பு சொன்ன பூனைப் பிறாண்டல் சில நிமிஷத்திலேயே விழுந்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆகவே, வேலை முடிந்து மாதக் கணக்கில் எடுத்து வைப்பதாயிருந்தால், டாங்கியைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு வைக்க வேண்டும். நீண்ட நாள் கிடந்த மிஷினை வாங்கினால், கார்புரேட்டரில் உள்ள ரப்பர்த் தகடுகளையும் பெட்ரோல் குழாயையும் மாற்றிவிடுவது உத்தமம். அதிகச் செலவு ஆகாது.

லுங்கியும் ரப்பர்ச் செருப்பும்

நம் ஊரில் மரம் அறுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மடித்துக் கட்டின லுங்கி, காலில் ரப்பர்ச் செருப்பு, தலையில் துண்டு. வேறு ஒன்றும் கிடையாது. சங்கிலிக்கு லுங்கியும் ஒன்றுதான், தொடையும் ஒன்றுதான்.

குளிருக்கு விறகு எரிக்கிற மேல் நாடுகளில், இந்த வேலைக்கென்றே ஒரு கால்சட்டை விற்கிறார்கள். அதன் துணிக்குள் மெல்லிய இழைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருக்கிறார்கள். சங்கிலி பட்டதும் அந்த இழைகள் பிய்ந்து பல் சக்கரத்தில் போய்ச் சுற்றிக் கொண்டு மிஷினை நிறுத்திவிடும். தையல் மிஷினில் நூல் சிக்கிச் சக்கரம் நிற்பதைப் பார்த்திருக்கிறோமே, அதே தத்துவம்! நம் ஊரிலும் இவை விலைக்குக் கிடைக்கின்றன. காலின் முன்புறம் மட்டும் கட்டிக் கொள்ளும் உறையும் உண்டு. வெயிலுக்கு அதுதான் சௌகரியம்.

அதோடு, முகத்துக்கு வலை வைத்த தலைக்கவசம். கருவேல முள் கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று இராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிஷினின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போவதால் காதை மூடும் உறை வேண்டும். காது கேட்காமல் போவது ஒரே நாளில் தெரிவதில்லை. ஆனால், போனால் திரும்புவதில்லை. முள் ஏறாத கனத்த பூட்ஸ், கையுறை. கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர்களும் நன்றாக இருக்க வேண்டும். அவை இற்றுப் போன மிஷினை வருஷக் கணக்கில் பிடித்தால், அதிர்ச்சியால் விரல்களில் ரத்த ஓட்டம் குறைந்து வெளுத்து மரத்துப் போகும் வியாதி வரும். மேல் நாட்டு மரம் வெட்டிகளிடம் கண்டறியப்பட்ட வியாதி இது.

வேலை செய்யும்போது இன்னும் சில. தனியாகப் போகக் கூடாது. கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இடது கைக் கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றியிருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியிலோ மரத்திலோ ஏறி அறுக்கவே கூடாது. மின் கம்பி அருகில் உள்ள மரத்துக்கு மின்வாரியத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். களைப்பு வந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது.

சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸ் தேசத்தில் இந்த மிஷினை வைத்துக் கொள்ளவே பதிவு செய்து கொள்ள வேண்டும் என்று 2002-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கே, நம் தமிழ் நாட்டு மலைப் பிரதேசங்களில், 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. சந்தனம் போன்ற மரங்களில் எங்குமே கை வைக்கக் கூடாது. தம்பியின் நிலம் சமவெளிதான், மரமும் கருவேலம்தான். ஆனாலும் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்த நிலம். எல்லை எது, பக்கத்துப் புறம்போக்கு எது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் தெளிவாகக் கேட்டுக் கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

ஆகவே, சகோதரிக்கு...

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் கொடுக்கலாமா? கொடுங்கள். படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அப்பா விட்டுப் போன மண்ணைத் திருத்த வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்? அவனுக்கு அக்கா கை கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்? பழைய மிஷின் என்பதற்காகவும் பயப்பட வேண்டாம். நன்றாக வைத்துக் கொண்ட பழைய மிஷின், மட்டமான புதிய மிஷினைவிட எவ்வளவோ மேல்.

ஆனால், அவன் கேட்ட மாதிரி கொடுக்காதீர்கள். மிஷினை அவன் பணத்திலேயே வாங்கட்டும். அதற்குத் தகுந்த விலையில் பார்க்கட்டும். ஒரு மாதம் தாமதமானாலும் கருவேலம் எங்கேயும் ஓடிவிடாது. உங்கள் பங்குப் பணத்தில் தலைக்கவசம், காதுறை, கையுறை, காலுக்குக் கட்டும் உறை, பூட்ஸ் இவ்வளவையும் நீங்களே வாங்கி அனுப்புங்கள். மீதி இருந்தால் புதுச் சங்கிலி ஒன்றும் அரம் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். பணமாகக் கொடுத்தால், நூறு ரூபாய் கூடுதலாகச் சொல்கிற மிஷினுக்கு அது போய்விடும். உறைகளை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம் என்று தோன்றும். ஆண்பிள்ளைகளின் சுபாவம் அது.

செயின் பிரேக் வேலை செய்வதைக் கைப்பேசியில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சங்கிலி டக்கென்று நிற்பதை நீங்களே கண்ணால் பார்த்த பிறகு, "சரி, வாங்கிக்கோடா" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். முதல் வண்டி விறகு விற்றதும் எங்களுக்கு ஒரு கார்டு போடச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.